இருபத்தேழாவது பொருள்

மாநகர மன்றத்தில் அவளை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று பணிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைத் தேடிப் படித்துக் கூப்பிட அங்கே யாருக்கும் பொழுதில்லை. தலைவரில் தொடங்கி தண்ணீர்க் குடுவை நிரப்புகிறவர் வரை, எக்ஸ்பிரஸ் வந்தாச்சா, எக்ஸ்பிரஸ் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே பெருமை. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்தப் பெருமைதான் வேர் என்பதால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அவள் வேலை வாசிப்பது. மாதம் ஒரு முறை மன்றம் கூடும். முப்பதிலிருந்து நாற்பது பொருள்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு தலைப்பு: இன்ன தெருவில் சாக்கடை மூடி மாற்றுதல், இன்ன பூங்காவுக்கு வேலி போடுதல். மேடைக்குக் கீழே ஒரு சாய்மேசைக்குப் பின்னால் நின்று, மைக்கில் எண்ணையும் தலைப்பையும் வரிசையாகப் படிக்க வேண்டும். வாயால் படித்தால்தான் அது மன்றத்துக்கு முன்னால் வந்ததாக அர்த்தம். கடைசி எண்ணைப் படித்ததும் தலைவர் மணியைத் தட்டுவார். "படித்தவை அனைத்தும் ஏகமனதாக நிறைவேறின" என்பார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டிவிட்டு எழுந்து சாப்பிடப் போவார்கள்.

முப்பத்தைந்து உறுப்பினர்கள். ஒருவர் காதிலாவது ஓர் எழுத்து ஏறும் என்கிறீர்களா? ஒருவர் செல்போனில் குனிந்திருப்பார், ஒருவர் பக்கத்துக்காரரிடம் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் கேட்பார். விதிப்புத்தகம் என்று அவருக்குப் பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் விதி எண் சொல்லி எழுந்து நிற்பார். அவர் தொண்டையைச் செருமினாலே மன்றம் முழுக்கப் பெருமூச்சு விடும். மற்றவர்களுக்கு எக்ஸ்பிரஸ் ஒரு வேடிக்கை. இன்றைக்கு எத்தனை நிமிஷத்தில் முடிப்பாள் என்று பந்தயம் கட்டுவார்கள். ஒருமுறை நாற்பத்தொரு பொருள்களைப் பத்தொன்பது நிமிஷத்தில் முடித்தாள். மூச்சு வாங்காமல், ஒரு சொல் தடுக்காமல். அன்றைக்கு அவளுக்காகவே மேசையைத் தட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் மைக்கில் அவள் ஒரு தடவைகூட "மன்னிக்கவும்" என்று சொன்னதில்லை. அதை வீட்டில் அடிக்கடி சொல்லிக்கொள்வாள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவள் கணவர், "என் கத்தரிக்கோல்கூட உன் நாக்கு வேகத்துக்கு வராது" என்று சிரிப்பார்.

ஓரிடத்தில் மட்டும் அவள் நிற்க வேண்டும். அது விதி. பொதுமக்களில் யாராவது ஒரு பொருளை எதிர்த்து மனு கொடுத்திருந்தால், அந்தப் பொருளின் எண் எழுதிய இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றை அவருக்குக் கொடுப்பார்கள். அவர் மேலே பார்வையாளர் மாடத்தில் வந்து உட்காரலாம். அந்த எண்ணைப் படித்ததும் வாசிப்பவர் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்துக்குள் சீட்டுக்காரர் எழுந்து நிற்க வேண்டும். பேச வேண்டியதில்லை, எழுந்தாலே போதும். எழுந்துவிட்டால் அந்தப் பொருள் மொத்தத்தோடு சேர்ந்து போகாது. அதைத் தனியாக எடுத்து, ஒவ்வொருவராகக் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டும். எழாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். மணி அடித்துவிட்டால் மறுபேச்சே கிடையாது.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். அன்றைக்கு நாற்பத்திரண்டு பொருள்கள். இருபத்தேழாவது, அச்சகத்துச் சந்துவழியை மூடிச் சுவர் எழுப்புதல். பழைய அச்சகத்துக்கும் ஒரு கிடங்குக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு சந்துவழி. அந்தப் பக்கம் போனால் ஆஸ்பத்திரியின் பின்வாசல். குப்பை கொட்டுகிறார்கள், மூடிவிடலாம் என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை எதிர்த்து ஒரே ஒரு மனு வந்திருந்தது. கொடுத்தவர் அந்தச் சந்துவழி முனையில் பொத்தானும் ஊக்கும் நூலும் விற்கிற ஓர் அம்மாள். அவர் கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். இதய நோய்க்காரர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சந்துவழியாக ஓடுவார்கள், இரண்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. இரண்டு தடவை அப்படித்தான் பிழைத்திருந்தார். மனுவில் இதைத்தான் அந்த அம்மாள் நாலு வரியில் எழுதியிருந்தார்.

மனு வந்த பொருளைத் தனித் தாளில் அடித்து, பின்னால் மனுவை வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பார்கள். அந்தப் பின்னின் முனை சரியாக மடங்காமல் இருபத்தாறாம் தாளில் மாட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் இருபத்தாறைப் படித்தாள், ரப்பர் உறை போட்ட விரலால் தாளைப் புரட்டினாள். இரண்டு தாளும் சேர்ந்து புரண்டன. வாய் இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டது.

அடுத்த மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தெரிந்தது, வீட்டுக்குப் போய்த் தெரிந்தது என்றால் மன்னித்துவிடலாம். அப்போதே தெரிந்தது. கீழே பந்தயக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய சாதனையை முறியடிக்க இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி. திரும்பிப் போவதென்றால் மன்னிக்கவும் என்று சொல்ல வேண்டும், பிறகு பத்து எண்ண வேண்டும், அந்த அம்மாள் எழுந்தால் கை தூக்கல் வேறு. கடைசியில் சேர்த்துப் படித்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தது நிஜம். ஆனால் நாற்பத்திரண்டு என்று சொல்லி முடித்த அதே நொடியில் தலைவருக்குப் பசி, மணியை ஓங்கித் தட்டிவிட்டார். பதினெட்டரை நிமிஷம். மேசைகள் அதிர்ந்தன. நடுவில் ஒரு எண் காணாமல் போனதை அந்த மண்டபத்தில் ஒரு ஜீவன்கூடக் கவனிக்கவில்லை. கவனித்திருக்கக்கூடிய விதிப்புத்தகம் அன்றைக்கென்று பல் பிடுங்கப் போயிருந்தார்.

எக்ஸ்பிரஸ் தாள்களை அடுக்கிக்கொண்டே தலையைத் தூக்கினாள். மாடத்தில் அந்த அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். இளஞ்சிவப்புச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் படிக்கப் போகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளர் அறையில் பதிவேடு எழுதினார்கள். செயலாளர் எழுதுவார், எக்ஸ்பிரஸ் பக்கத்தில் நின்று கேட்டதற்குப் பதில் சொல்வாள். இருபத்தேழு வந்தது. செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆட்சேபணை?" என்றார்.

"இல்ல சார்" என்றாள்.

பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று அன்று சாயங்காலம் வரை தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆட்சேபணை எழவில்லைதானே? எண்ணையே சொல்லாதபோது எங்கிருந்து எழும்! மனுஷ மனசு தனக்கென்று வரும்போது எவ்வளவு நன்றாக வக்கீல் வேலை பார்க்கிறது பாருங்கள்.

மை காய்வதற்குள் அந்த அம்மாள் வந்துவிட்டார். கதவை ஒட்டி நின்று, தன் எண் எப்போது வரும் என்று கேட்டார். செயலாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். படிக்கப்பட்டது, ஆட்சேபணை இல்லை, நிறைவேறியது. அந்த அம்மாள் அந்த வரியை விரல் வைத்து மூன்று தடவை படித்தார். செயலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்த நேரம். கொஞ்சம் கேலியாக, "என்னம்மா, மாடத்துல காத்து நல்லா வருமே, அசந்துட்டீங்களா?" என்று கேட்டுவைத்தார்.

அந்த அம்மாள் முகம் மாறியது. "ராத்திரி முழுக்க அவருக்கு மூச்சு வாங்கிச்சு சார். முழிச்சிட்டே இருந்தேன். நடுவுல ஒரு ரெண்டு நிமிஷம் கண்ணு சொக்கின மாதிரி இருந்துச்சு..." என்று சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாக, "அப்பதான் படிச்சிருக்காங்க போல" என்றார்.

எக்ஸ்பிரஸ் கையில் டீ டம்ளர் இருந்தது. அவள் அதைக் குடித்தாள். அந்த அம்மாள் இவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மாநகர மன்றம் மற்ற எதற்கும் ஆறு வருஷம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சுவர் மட்டும் ஆறே வாரத்தில் எழுந்துவிட்டது.

ஏழாவது மாதம் ஒரு மத்தியானம். அவள் கணவர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், அச்சகத்து முனையில் பூட்டுக்காரர் போய்விட்டாராம். கடையில் முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களெல்லாம் அதே பேச்சு. முந்தின நாள் மூன்று மணிக்கு நெஞ்சைப் பிடித்திருக்கிறார். வழக்கம்போல நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பழக்க தோஷத்தில் முதலில் சுவரில் போய் முட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். பெரிய தெருவைச் சுற்றிப் போகும்போது செருப்புக்கடைக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கணவர் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல மனுஷன். போன வாரம்தான் வந்து கழுத்து முடிய எடுத்துட்டுப் போனாரு" என்றார். எக்ஸ்பிரஸ் பரிமாறின கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அந்தச் சுவரைப் பார்க்கப் போனாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பூசாத செங்கல் சுவர். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அடியில் பழையபடி குப்பை கிடந்தது, அதுவும் ஒழியவில்லை. சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது, யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. அவ்வளவு பக்கம். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றுவழியில் நடந்தாள். ஓட்டமும் நடையுமாகப் போனாலும் பதினோரு நிமிஷம் ஆயிற்று. செருப்புக்கடை ஏழாவது நிமிஷத்தில் வந்தது. கடைக்காரர் என்ன அளவு வேண்டும் என்று கேட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பொருளைப் படிக்க வாயெடுத்து, பழக்கத்தில் மாடத்தைப் பார்த்தாள். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

அதே இடம். அதே இளஞ்சிவப்புச் சீட்டு, ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. வாசல் காவலர் பாவம் பார்த்து உள்ளே விட்டிருக்கிறார். மடியில் ஒரு சின்ன நோட்டு, கையில் பென்சில். எக்ஸ்பிரஸ் ஓர் எண்ணைப் படிக்க, மேலே பென்சில் ஒரு கோடு போட்டது. தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார், இன்றைக்கு எழுந்து நின்று எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். இருபத்தாறு வந்தது. இருபத்தேழு என்று சொல்வதற்குள் நாக்கு இரண்டு தடவை புரண்டது. அந்த மாதத்து இருபத்தேழு ஏதோ தெருவிளக்குச் சமாச்சாரம். மேலே பென்சில் அசங்காமல் ஒரு கோடு போட்டது. அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் முடிந்து படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர்க் குழாய் அருகில் அவரே வந்து நின்றார். வக்கீல் நோட்டீஸ் எடுப்பார் என்று பார்த்தால், சின்ன நோட்டை விரித்துக் காட்டினார்.

"முப்பத்தேழு நம்பர் படிச்சீங்கம்மா. முப்பத்தேழும் என் காதுல விழுந்துச்சு. ஒன்னுகூட விடல. நீங்க எவ்வளவு தெளிவா படிக்கிறீங்க" என்றார். நோட்டை மூடினார். "அன்னிக்கு மட்டும் எப்படிம்மா விட்டேன்?"

எக்ஸ்பிரஸுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த அம்மாள் யாரையும் பிடிக்க வரவில்லை. தன்னைத்தானே பிடிக்க வந்திருக்கிறார். தான் தூங்கினதால்தான் புருஷன் போனார் என்று முழுசாக நம்பிவிட்டார். எப்படி ஒருத்தி தூங்கியிருக்க முடியும் என்று பார்க்கத்தான் வருகிறார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குருவியைத் தவிர யாரும் இல்லை. "வீட்டுக்குப் போங்கம்மா, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கே அவளை அந்த இடத்தில் உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஒரு மாதம் தவறவில்லை. மழையில் வந்தார், காய்ச்சலோடு வந்தார். எக்ஸ்பிரஸ் படிக்கப் படிக்க மேலே பென்சில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கீழே கேட்க வழியே இல்லை. அவளுக்குக் கேட்டது. வீட்டில் கணவர் தாடையைச் சொறிந்தால்கூட அந்தச் சத்தமாகக் கேட்டது. பேருந்து நிறுத்தத்தில் இருபத்தேழாம் எண் வண்டி வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினாள். ரேஷன் வரிசையில் இருபத்தேழாவது டோக்கன் கிடைத்தால் பின்னால் நிற்கிறவரிடம் மாற்றிக்கொண்டாள். உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பாள். அங்கே மாடம் இருக்காது, மின்விசிறிதான் இருக்கும். என்ன பார்க்கிறாய் என்று கணவர் கேட்டால், ஒட்டடை என்பாள். அவரும் ஏணி போட்டு இரண்டு தடவை அடித்துப் பார்த்தார்.

மன்றத்தில் எக்ஸ்பிரஸுக்கு வயசாகிவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். இருபத்தாறு வரைக்கும் பழைய வேகம். அதற்கப்புறம் கூட்ஸ் வண்டி என்று ஒரு உறுப்பினர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பந்தயம் நின்றுபோயிற்று.

இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் கூட்டம் முடிந்து அதே தண்ணீர்க் குழாயடியில் அந்த அம்மாள் டம்ளரை நீட்டினார். எக்ஸ்பிரஸ் அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். விரல் முனை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போய்க் கிடந்தது. சில புள்ளிகள் புதுசு, இன்னும் சிவப்பு ஆறவில்லை. என்னம்மா இது என்று கேட்டாள். அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் காட்டினார், அவர் கடையில் அட்டையில் குத்தி விற்பாரே, அந்த மாதிரி ஊக்கு. கண் சொக்குகிற மாதிரி இருந்தால் அதை எடுத்து விரலில் குத்திக்கொள்வாராம். மாடத்தில் மட்டுமா என்று கேட்டாள். எல்லா இடத்திலும்தான் என்றார். வீட்டில் படுத்தால்கூடக் கண் மூடினதும் பதறி எழுந்துவிடுகிறாராம். தூங்கும்போது ஏதாவது போய்விடும் என்று பயமாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றைக்கு எக்ஸ்பிரஸ் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பின் மாட்டினது, பதினெட்டரை நிமிஷம், டீ டம்ளர், ஊக்கு, எல்லாம். கடையில் ஊர்வம்பு முழுக்கக் கேட்டுக் கேட்டுப் பழகின மனிதர், இதைச் சீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் அவளைத் தேற்றுகிற மாதிரி, "அந்தம்மா எழுந்து நின்னிருந்தாலும் கை தூக்கித் தோக்கடிச்சிருப்பாங்க. சுவர் எப்படியும் வந்திருக்கும்" என்றார்.

"வந்திருக்கும். ஆனா அந்தம்மா தூங்கிட்டேன்னு நெனச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

அவர் சீப்பைக் கீழே வைத்தார். செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் செயலாளரிடம் போனாள். பதிவேட்டைத் திருத்த வேண்டும், அன்று இருபத்தேழைப் படிக்கவில்லை என்று எழுத வேண்டும் என்றாள். செயலாளர் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு நிதானமாகப் பேசினார். வாசித்தது தவறு என்று ஒரு வரி எழுதினால் அன்றைக்கு நிறைவேறின நாற்பத்திரண்டும் ஆட்டம் காணும். அதில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கட்டி முடித்துத் திறந்தும் ஆயிற்று. அவளுக்கு ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். விசாரணை என்று வந்தால் ஓய்வூதியம் நின்றுபோகும். தெரிந்தே இல்லை என்று சொன்னதாக ஆகும், சும்மா விட மாட்டார்கள். இதையெல்லாம் அவள் நல்லதுக்குத்தான் சொல்வதாகச் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

"பதிவேட்டுல இருக்கறதுதான் நடந்தது. வேற ஒன்னும் நடக்கல" என்று முடித்தார்.

அவள் சரி சார் என்று எழுந்து வந்துவிட்டாள். அந்தச் சரி சாரை நம்பி அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

அந்த மாதக் கூட்டத்தில் முப்பத்தெட்டுப் பொருள்கள். மாடத்தில் அந்த அம்மாள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எக்ஸ்பிரஸ் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். எந்தத் தடங்கலும் இல்லை. உறுப்பினர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூடச் செய்தார். இருபத்தாறைப் படித்தாள். தாளைப் புரட்டினாள். அங்கே அவள் முந்தின நாள் தன் கையெழுத்தில் எழுதிச் செருகி வைத்திருந்த தாள் இருந்தது.

"பொருள் எண் இருபத்தேழு" என்றாள். இதுவரை அந்த மண்டபம் கேட்டிராத நிதானத்தில் படித்தாள். "அச்சகத்துச் சந்துவழியை மூடிச் சுவர் எழுப்புதல். மனு ஒன்று வந்துள்ளது. ஆட்சேபணை உள்ளவர் எழுந்து நிற்கலாம்."

மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. சத்தம் குறைந்ததும் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. செல்போனில் இருந்தவர் நிமிர்ந்தார், கல்யாண மண்டபக்காரர் பேச்சை நிறுத்தினார். வேகமாகப் படித்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நின்றதும் அத்தனை பேரும் கேட்டார்கள். மேலே பென்சில் கோடு போடாமல் நின்றுவிட்டது. ஐந்து. ஆறு. அந்த அம்மாள் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நோட்டு கீழே விழுந்தது. சீட்டு மட்டும் கையில் இருந்தது.

தலைவர் குழம்பிப்போனார். "என்னம்மா படிக்கறீங்க? அந்தச் சுவர் கட்டி முடிச்சாச்சே" என்றார். செயலாளர் தன் நாற்காலியில் பாதி எழுந்து கையால் சைகை காட்டினார். எக்ஸ்பிரஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிக்கவும்" என்றாள். பிறகு சொன்னாள். தாள் சேர்ந்து புரண்டதைச் சொன்னாள். அப்போதே தெரிந்ததைச் சொன்னாள். செயலாளர் கேட்டபோது இல்லை என்றதைச் சொன்னாள். செயலாளருக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். எல்லாம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவு நேரமும் மாடத்தைப் பார்த்தே சொன்னாள்.

அந்த அம்மாள் நின்றுகொண்டே இருந்தார். திட்டுவார், அழுவார், கையில் இருப்பதைத் தூக்கி எறிவார் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் மைக் இல்லாமலே கீழே வந்தது.

"அப்ப நான் தூங்கலையா?"

"இல்லம்மா. நீங்க முழிச்சுட்டுதான் இருந்தீங்க. நான்தான் படிக்கல."

"தூங்கலையா" என்று அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை.

தலைவர் மணியைத் தேடினார். இதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடலாம், அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார். கடைசி வரிசையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அன்றைக்கு யாரும் பெருமூச்சு விடவில்லை. விதிப்புத்தகம் எழுந்து, சீட்டுக்காரர் எழுந்தபின் கை தூக்கித்தான் ஆக வேண்டும், சுவர் கட்டியாச்சா இடிச்சாச்சா என்று விதியில் இல்லை என்றார். தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கைகளைத் தூக்கச் சொன்னார். செயலாளர் எண்ணினார். சுவர் இருக்கட்டும் என்று இருபத்திரண்டு கை, வேண்டாம் என்று பதின்மூன்று. கணவர் சொன்னதுதான் சரி. சுவர் ஜெயித்துவிட்டது.

அந்த அம்மாள் தோற்றதைக் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். பிறகு உட்கார்ந்தார்.

வாசிக்க வேறு ஆள் கிடையாது. அதனால் மிச்சத்தையும் எக்ஸ்பிரஸ்தான் படிக்க வேண்டியிருந்தது. இடைநீக்க உத்தரவு திங்கட்கிழமை வரும் என்பது அவளுக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும். சாய்மேசையைப் பிடித்துக்கொண்டு இந்த மாதத்து இருபத்தேழைப் படித்தாள், இருபத்தெட்டைப் படித்தாள். முப்பத்தொன்றைப் படிக்கும்போது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தாள். பென்சில் சத்தம் இல்லை. ஒரு வருஷமாகக் காதை விட்டுப் போகாத சத்தம்.

பயந்துகொண்டேதான் தலையைத் தூக்கினாள். அந்த அம்மாள் மாடத்துக் கம்பி மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஊக்கு விரலிடுக்கிலிருந்து நழுவி, மூடியபடியே மடியில் கிடந்தது. நல்ல அசந்த தூக்கம். தோள் ஏறி ஏறி இறங்குவது கீழேயிருந்தே தெரிந்தது.

எக்ஸ்பிரஸ் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். முப்பத்திரண்டைத் தாழ்ந்த குரலில் படித்தாள். தாளை இரண்டு விரலால் சத்தமில்லாமல் புரட்டினாள். முன்வரிசையிலிருந்து ஒருவர், கேட்கவில்லை, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள் என்றார். தலைவர் மேலே பார்த்தார். மணியை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

அன்றைக்கு முப்பத்தெட்டுப் பொருள்களைப் படித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.